வலி குறைந்தது சரி, நோய் குறைந்ததா?

(நமது டிரஸ்ட்டின் மருத்துவ உதவிக் குழு நடத்திய இதய நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வரும் மனுக்களில் இதய நோய்க்கான மனு இல்லாத மாதமே இல்லை. மனு கொண்டு வரும் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசும்போது மூன்று பேச்சுகளை நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

"இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு காய்ச்சித் தேன் கலந்து வாப்பாவுக்குக் கொடுத்தோம். நெஞ்சுவலி போன இடம் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டோம்" என்பது முதல் பேச்சு. "கொழுப்பு மாத்திரை போட்டாலே உம்மாவுக்கு உடம்பெல்லாம் வலிக்கிறது, அதனால் விட்டுவிட்டார்கள்" என்பது இரண்டாவது. "அடைப்பு இருக்கிறதாம். நகையை அடகு வைத்தாவது இந்த வாரமே ஸ்டென்ட் வைத்துவிட வேண்டும், அப்புறம் பயமில்லை" என்பது மூன்றாவது.

கேட்பதற்கு இவை மூன்றும் வெவ்வேறு போலத் தெரியும். ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. ஒரு சிகிச்சைக்குப் பிறகு உடம்பு தேறியது போல் இருந்தால், அல்லது மோசமானது போல் இருந்தால், அது அந்தச் சிகிச்சையால்தானா? இந்தக் கேள்விக்கு விடை தேடி மருத்துவ உலகம் பல்லாயிரம் நோயாளிகளிடம் ஆய்வு செய்திருக்கிறது. அதில் தெரிய வந்தவற்றை உங்கள் முன் வைப்பதே இன்றைய உரையின் நோக்கம். நம் உயிரும், நம் பொருளும், டிரஸ்ட்டிடம் நீங்கள் ஒப்படைத்திருக்கும் ஜகாத், சதகா பணமும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

கைராசியும் பிளாசிபோவும்

மருந்துச் சத்து எதுவும் இல்லாமல், பார்வைக்கு அசல் மருந்து போலவே செய்யப்பட்ட வெற்று மாத்திரைக்குப் பிளாசிபோ என்று பெயர். மாத்திரை மட்டுமல்ல, ஊசியும் ஆபரேஷனும்கூட இப்படி வெற்றாக இருக்க முடியும். அதைப் பெற்ற நோயாளிக்கும் வலி குறைவது உண்டு. அதையே பிளாசிபோ விளைவு என்கிறார்கள்.

இது நமக்குப் புதிய விஷயமில்லை. "அந்த டாக்டருக்குக் கைராசி, அவர் தொட்டாலே பாதி நோய் போய்விடும்" என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. வலி குறைந்தவர் நடிக்கவும் இல்லை. 1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வலி குறையும் என்ற எதிர்பார்ப்பில் மூளை தானாகவே சுரக்கும் வலிநிவாரணிகள் வெற்று ஊசிக்குப் பின் வேலை செய்கின்றன என்பதற்கு அதில்தான் முதல் முக்கியமான சான்று கிடைத்தது.

இதய நோயில் இந்த விளைவு ஏன் பெரிதாகத் தெரிகிறது? இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து குறுகிவிட்டால், மாடிப்படி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் தேவையான இரத்தம் போய்ச் சேராது. அப்போது வருவதுதான் நெஞ்சு இறுக்கம். பயமும் பதற்றமும் இருந்தால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும், வலி சீக்கிரம் வரும். நல்ல மருத்துவர் ஒருவர் கையைப் பிடித்து "கவலைப்படாதீர்கள்" என்று சொன்னால் பதற்றம் அடங்கும். துடிப்பு நிதானமாகும். அதே அடைப்போடு கொஞ்சம் அதிக தூரம் நடக்க முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த நெஞ்சுவலி ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். உச்சத்துக்குப் பிறகு அது தானாகவே இறங்கும் நேரத்தில் நாம் எதைக் குடித்திருந்தாலும் அதற்கே பெயர் போய்ச் சேரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

ஆனால் பிளாசிபோவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. வலி, களைப்பு, பதற்றம் போன்று நாம் உணர்பவற்றில்தான் அதன் ஆதிக்கம் அதிகம். குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பைக் கரைக்கும் வேலையை அது செய்வதில்லை. நன்றாகப் பிடித்துக் கட்டிய பந்தல் கால் போல வெளியே எல்லாம் சரியாகத் தெரியும்போதே, உள்ளே செல் அரிப்பது நிற்காமல் நடந்துகொண்டிருக்கலாம்.

தோலை மட்டும் கீறிய ஆபரேஷன்

நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் உள்ளே இறங்கும் இரத்தக் குழாய்கள் இரண்டு உண்டு. அவற்றைக் கட்டி அடைத்துவிட்டால் அந்த இரத்தம் இதயத்தின் பக்கம் திரும்பும் என்ற எண்ணத்தில் 1939-ல் இத்தாலியில் ஓர் ஆபரேஷன் தொடங்கியது. 1950-களில் அது அமெரிக்காவில் பரவியது. மரத்துப்போகும் ஊசி போட்டு நெஞ்சில் சின்னதாகக் கீறினால் போதும். செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் "வலி குறைந்துவிட்டது, நடக்க முடிகிறது" என்றார்கள். பத்திரிகைகளும் புகழ்ந்தன.

சியாட்டில் நகரத்து மருத்துவர் லெனார்ட் காப் குழுவினருக்கு இதில் சந்தேகம் வந்தது. அவர்கள் 17 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் நெஞ்சில் கீறினார்கள். 8 பேருக்கு மட்டும் குழாயைக் கட்டினார்கள். மற்ற 9 பேருக்குக் கட்டாமலே தையல் போட்டுவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, பிறகு அவரைப் பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. 1959-ல் முடிவு வெளியானது. இரண்டு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள்! மறு ஆண்டு கன்சாஸ் நகரத்தில் டைமண்ட் என்ற மருத்துவரின் குழு 18 பேரிடம் இதே போலச் செய்து பார்த்தது. குழாய் கட்டப்பட்ட 13 பேரில் 10 பேருக்கு நன்றாகக் குணம் தெரிந்தது. தோல் மட்டும் கீறப்பட்ட 5 பேரில் 5 பேருக்குமே குணம் தெரிந்தது.

அத்துடன் அந்த ஆபரேஷன் கைவிடப்பட்டது. அன்று கட்டி அடைத்த அதே குழாயைத்தான் இன்று பைபாஸ் ஆபரேஷனில் இதயக் குழாயோடு இணைத்து மருத்துவர்கள் நல்ல பலன் காண்கிறார்கள்.

இப்படி வெற்று ஆபரேஷன் செய்வது நோயாளியை ஏமாற்றுவது ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெற்று ஆபரேஷனும் நடக்கக்கூடும் என்பதை அன்று நோயாளிகளிடம் சொல்லவில்லை. அது அமானிதத்துக்கு ஏற்றதல்ல. இன்று அப்படிச் செய்ய முடியாது. "உங்களுக்கு அசல் சிகிச்சை கிடைக்கலாம், வெற்றுச் சிகிச்சையும் கிடைக்கலாம்" என்று முன்கூட்டியே விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்கி, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற பிறகே ஆய்வு தொடங்க முடியும்.

ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த எண்ணம் நம் முன்னோர்களுக்கும் அந்நியமானதல்ல. சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெரும் மருத்துவர் அபூபக்ர் அர்ராஸி, மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்டவர்களில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் எடுத்து, இன்னொரு பிரிவினருக்கு எடுக்காமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுத் தெளிவு பெற முயன்றதைத் தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வைத்தியரின் புகழைவிட நோயாளிக்குக் கிடைத்த பலனை அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்தது.

ஒப்பிடாமல் விட்டால் என்ன ஆகும்?

"வலி குறைந்தால் போதாதா, ஏன் இத்தனை ஆராய்ச்சி?" என்று நினைக்கலாம். அதற்கு ஒரு வேதனையான பதில் இருக்கிறது.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயம் இடையிடையே தாளம் தப்பித் துடிக்கும். அப்படித் துடிப்பவர்கள் திடீரென இறப்பது அதிகம் என்று தெரிந்திருந்தது. அந்தத் தப்புத் துடிப்பை அடக்க என்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் என்று இரண்டு மாத்திரைகள் அமெரிக்காவில் இருந்தன. கொடுத்தால் ஈசிஜி சீராகிவிடும். மருத்துவருக்கும் நிம்மதி, நோயாளிக்கும் நிம்மதி. பிறகு அவற்றை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 1991-ல் வெளியான விவரப்படி, அசல் மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர்.

துடிப்பை அழகாக்கிய மருந்து ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு வெற்று மாத்திரைப் பிரிவு இல்லாவிட்டால், "நோய் முற்றியதால் இறந்தார்கள்" என்றே எல்லோரும் நம்பியிருப்பார்கள். எனவே வாட்ஸ்அப்பில் ஒரு வைத்தியம் வந்தால் "எத்தனை பேருக்குக் குணமானது?" என்று மட்டும் கேட்டால் போதாது. "அதைச் சாப்பிடாத அதே போன்ற நோயாளிகளில் எத்தனை பேருக்குக் குணமானது?" என்றும் கேட்க வேண்டும்.

ஸ்டென்ட் விஷயத்தில் தெரிய வந்தவை

இப்போது மூன்றாவது பேச்சுக்கு வருவோம். முதலில் ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறோம். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைப்பது உயிரைக் காக்கும் சிகிச்சை. அதில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கீழே சொல்லப் போவது அவர்களைப் பற்றியதல்ல. நடந்தால் வலி வரும், நின்றால் போய்விடும் என்ற நிலையில் மாதக்கணக்கில் மாற்றமில்லாமல் இருப்பவர்களைப் பற்றியது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் ரஷா அல்-லமீ தலைமையில் 'ஆர்பிட்டா' என்ற ஆய்வு நடந்து 2017-ல் வெளியானது. ஒரே ஒரு குழாயில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்புள்ள 200 பேர் அதில் இருந்தார்கள். முதல் ஆறு வாரம் எல்லோருக்கும் மாத்திரைகளைச் சரியான அளவுக்கு உயர்த்திக் கொடுத்தார்கள். பிறகு எல்லோரையும் ஆஞ்சியோ அறைக்குக் கொண்டுபோய், மயக்க மருந்து கொடுத்து, வெளிப்பேச்சு கேட்காதபடி காதில் ஹெட்போன் மாட்டினார்கள். 105 பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். 95 பேருக்கு வைக்கவில்லை. ஆறு வாரம் கழித்து ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் முன்பைவிட சராசரியாக 28 விநாடி அதிகம் நடந்தார்கள். வைக்காதவர்களும் 12 விநாடி அதிகம் நடந்தார்கள். இடையில் இருந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவே என்று கணக்கு காட்டியது.

அப்படியானால் ஸ்டென்ட் வெறும் மன ஆறுதலா? அதுவும் சரியல்ல. அதே குழு 301 பேரிடம் இரண்டாவது ஆய்வு நடத்தி 2023-ல் வெளியிட்டது. இம்முறை நெஞ்சுவலிக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டு ஒப்பிட்டார்கள். 12 வாரம் கழித்து, ஸ்டென்ட் வைத்தவர்களில் 100-க்கு 40 பேருக்கு வலியே இல்லை. வெற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் 100-க்கு 15 பேர். ஆக, ஸ்டென்ட் வலியைக் குறைப்பது உண்மை. ஆனால் ஸ்டென்ட் வைத்த பிறகும் 100-க்கு 60 பேருக்கு வலி முழுவதும் போகவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

உயிர் விஷயம் என்ன? 37 நாடுகளில், நம் இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்ற 'இஸ்கீமியா' என்ற பெரிய ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. நிலையான இதயக் குழாய் நோயுள்ள 5,179 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மாத்திரையோடு ஆஞ்சியோ செய்து, தேவைக்கேற்ப ஸ்டென்ட் அல்லது பைபாஸ். இன்னொரு பாதிக்கு முதலில் மாத்திரை மட்டும், தேவைப்பட்டால் பிறகு மற்றவை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில் முதல் பிரிவில் 145 பேரும் இரண்டாவது பிரிவில் 144 பேரும் இறந்திருந்தார்கள். அடிக்கடி வலி வந்தவர்களுக்கு முதல் வழியில் வலி நன்றாகக் குறைந்தது. ஆயுள் கூடவில்லை.

இந்த ஆய்வில் இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களையும் இதயத்தின் பம்பு செய்யும் சக்தி மிகவும் குறைந்தவர்களையும் சேர்க்கவில்லை. அவர்கள் விஷயத்தில் மருத்துவர் வேறு முடிவு எடுப்பார். மற்றவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் நன்மை, யோசிக்க அவகாசம். நிலையான நெஞ்சுவலிக்கு "இந்த வாரமே" என்று நகையை அடகுக் கடைக்கு எடுத்துப் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு என்ற எண்ணம் அதைவிட ஆபத்தானது. ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பை விரிக்கிறது. மற்ற இடங்களில் படிந்துகொண்டிருப்பதைத் தடுப்பது மாத்திரையும் உணவும் நடையும்தான்.

பயமும் வலி தரும்

இரண்டாவது பேச்சு கொழுப்பு மாத்திரையைப் பற்றியது. நம்பிக்கை வலியைக் குறைப்பது போல, பயம் வலியை உண்டாக்கும். இதற்கு நோசிபோ என்று பெயர்.

ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்பு மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சாப்பிடத் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் நிறுத்திவிட்ட 60 பேரை, 'சாம்சன்' என்ற ஆய்வுக்காக இம்பீரியல் கல்லூரி மருத்துவர்கள் அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு புட்டிகள், மாதத்துக்கு ஒன்று. நான்கில் அசல் அட்டோர்வாஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலிப் புட்டி. மாத்திரை உள்ள புட்டியில் இருப்பது அசலா வெற்றா என்பது அவர்களுக்குத் தெரியாது. தினமும் உடம்பு வேதனைக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. அசல் மாத்திரை மாதங்களில் 16.3.

அதாவது, வேதனை உண்மையாகவே இருந்தது. மாத்திரை போட்டால் கூடியதும் உண்மை. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு, வெற்று மாத்திரைக்கும் வந்த வேதனை. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மீண்டும் ஸ்டாட்டின் சாப்பிட ஆரம்பித்தார்கள். இந்த முடிவு 2020-ல் வெளியானது.

இந்த மாத்திரையை விட்டால் நாம் எதை இழக்கிறோம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோயாளிகள் 4,444 பேரிடம் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்தபோது வெற்று மாத்திரைப் பிரிவில் 256 பேர் இறந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் பிரிவில் 182 பேர். இரண்டு பிரிவும் சம அளவு. கெட்ட கொழுப்பு அசல் மாத்திரைப் பிரிவில் 35 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரைப் பிரிவில் குறையவில்லை. வலி குறைவதும் உயிர் பிழைப்பதும் வெவ்வேறு என்று நாம் சொல்வது இதனால்தான்.

உம்மாவுக்கு வலிக்கிறது என்றால் "எல்லாம் மனசு" என்று யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். அபூர்வமாகச் சிலருக்குத் தசை உண்மையிலேயே பாதிக்கப்படும். கடுமையான தசை வலி, சிறுநீர் கறுத்துப் போவது போன்றவை இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி அளவைக் குறைத்தோ வேறு மாத்திரைக்கு மாற்றியோ மருத்துவர் வழி சொல்வார். தாமாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

இஞ்சி பூண்டுச் சாறு யாருக்குப் பலித்தது?

இனி முதல் பேச்சு. 1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களிடம் ஒரு பெரிய மருந்து ஆய்வு நடந்தது. அதில் வெற்று மாத்திரைப் பிரிவில் இருந்தவர்களை மட்டும் பிறகு தனியாகப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்தாண்டுகளில் 100-க்கு 15 பேர் இறந்திருந்தார்கள். ஒழுங்கில்லாமல் சாப்பிட்டவர்களில் 100-க்கு 28 பேர்.

வெற்று மாத்திரைக்கு உயிர் காக்கும் சக்தி வந்துவிட்டதா? இல்லை. வேளை தவறாமல் மாத்திரை போடுபவர் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பார். சிகரெட்டை விட்டிருப்பார், நடப்பார், சோதனைக்குப் போவார். மாத்திரையை மறப்பவர்களில் ஏற்கனவே மிகவும் நோயுற்றவர்களும் இருப்பார்கள். அந்த வித்தியாசமே இறப்புக் கணக்கில் தெரிந்திருக்க வேண்டும்.

சாறு குடித்துத் தேறிய வாப்பாவையும் இப்படிப் பாருங்கள். காலையில் எழுந்து சாறு காய்ச்சிக் குடிப்பவர் அதே நாளில் நெய்ச்சோற்றைக் குறைத்தார். பேரனோடு நடக்கப் போனார். வீட்டார் எல்லோரும் அவரையே கவனித்தார்கள். பயம் குறைந்தது. வலியும் குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ், இதில் சந்தோஷப்படலாம். சாறு வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால், மருத்துவரும் சரி என்றால், குடிக்கட்டும். ஆனால் அடைப்பு கரைந்துவிட்டது என்று முடிவு கட்டி மாத்திரையை நிறுத்துவதற்கு இது ஆதாரமாகாது.

ஓதிப் பார்ப்பதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். துஆவை நாம் மாத்திரையோடு வைத்து எடை போடுவதில்லை. ஷிஃபா தருபவன் அல்லாஹ். நோய்க்கு மருந்து செய்யும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பதும் அவர்கள் தந்த பாடம். ஓதிய தண்ணீரிலேயே மாத்திரையை விழுங்கலாமே. இரண்டில் ஒன்றை விடச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு இறுக்கம் வந்து சில நிமிடங்கள் நீடித்தால், வியர்த்துக் கொட்டினால், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள். "வாயுப் பிடிப்பு" என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். குடித்ததும் கொஞ்சம் சுகமாகத் தெரிந்தாலும் அதை நம்ப வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி தெளிவாக இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்புமாக மட்டும் வரலாம்.

2. மாரடைப்பு இல்லாத நிலையில் ஸ்டென்ட் வைக்கச் சொன்னால், மரியாதையோடு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். இது உயிரைக் காக்கவா, வலியைக் குறைக்கவா? அடைப்பு எந்தக் குழாயில் இருக்கிறது? மாத்திரைகளை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா? சில நாள் அவகாசம் எடுத்து இன்னொரு மருத்துவரிடம் காட்டினால் ஆபத்து உண்டா? நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

3. ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் முதலில் இதய மருத்துவரைக் கேளுங்கள்.

4. ரமளானுக்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, எந்த மாத்திரையை சஹரிலும் எதை நோன்பு திறந்த பிறகும் போடுவது என்று எழுதி வாங்குங்கள். நோன்பு வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை மனக்குறை இல்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

5. ஆஞ்சியோகிராம் சிடியையும் அறிக்கையையும் பத்திரமாக வையுங்கள். மனு தரும்போது அவற்றையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் கொண்டு வாருங்கள். கடன் வாங்கும் முன் எங்களிடம் பேசுங்கள்.

கடைசியாக, நோயாளியோடு இருக்கும் நம் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. நம்பிக்கை வலியைக் குறைக்கும், பயம் வலியைக் கூட்டும் என்று ஆய்வுகள் காட்டும்போது, நோயாளியைப் பார்க்கப் போகும் நாம் என்ன பேசுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டாமா? "எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் வந்தது, ஒரே வாரத்தில் மவுத்தாகிவிட்டார்" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சும் உடம்பில் வேலை செய்யும். நோயாளியிடம் கவலை வேண்டாம் என்று சொல்லி துஆ செய்வது நபிவழி. பத்து நிமிடம் இருங்கள். நம்பிக்கை தரும் வார்த்தை சொல்லுங்கள். எழுந்து வரும் முன் "இன்றைய மாத்திரை போட்டாயிற்றா?" என்று கேட்டு, போடவில்லை என்றால் ஒரு குவளை தண்ணீரோடு எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நோயுற்றிருக்கும் நம் சொந்தங்கள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! மருத்துவர்களுக்கும் நமக்கும் சரியானதைச் செய்யும் தெளிவைத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.